துஷ்டி கேட்க வந்த மாப்பிள்ளை

பல் முளைக்காத பிள்ளைக்குத் துஷ்டி கிடையாது என்று மீனாட்சியம்மாள் சொல்லிவிட்டாள். அவள் சொன்ன பிறகு அந்தச் சந்தில் மேல்கோர்ட்டு கிடையாது.

சாவு வீட்டுக்குப் போய், வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, செத்தவரைப் பற்றி நாலு வார்த்தை கேட்டு, வீட்டுக்காரன் கையைத் தொட்டு, 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல் எழுந்து வருவதைத்தான் திருநெல்வேலிச் சனம் துஷ்டி கேட்பது என்று சொல்லும். தாராவிக்கு வந்து எத்தனையோ காலமாகியும் அந்தப் பழக்கத்தை மட்டும் யாரும் விடவில்லை. குழாயடியில் குடத்தால் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள்கூட, எதிராளி வீட்டில் சாவு விழுந்தால் கட்டுப் போட்ட மண்டையோடு வந்து உட்காருவார்கள். ஆனால் கணேசபாண்டியன் வீட்டு வாசலுக்கு ஈ காக்கை வரவில்லை.

பிள்ளை நாலு நாள்தான் இருந்தது. பெண் பிள்ளை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்தது. கணேசபாண்டியனுக்கு அதற்குள் தலை நரைத்துப் போயிருந்தது. பழைய பிளாஸ்டிக் உடைக்கும் கொட்டகையில் மூட்டை தூக்கித் தூக்கி ஒரு பக்கத் தோள் இறங்கி, பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் பேரன் எடுத்தவன் மாதிரி இருந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து டாக்டர்களும் நர்சுகளும் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். பிள்ளையின் நெஞ்சுக்குத் தெம்பு போதவில்லை. அவனும், கூட மூட்டை தூக்கும் பூலோகமும் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து அவன் பெண்டாட்டி முத்துமாரி வாய் திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிப்பாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள். பேச்சு மட்டும் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது.

"பல்லு மொளைக்காதது சாமிக்குச் சமானம்," என்று மீனாட்சியம்மாள் குழாயடியில் நின்று தீர்ப்புச் சொன்னாள். "சாமிக்கு யாராச்சும் துஷ்டி கேப்பாவளா? அழுதா, நம்மளத்தான் கூப்பிடுதாவன்னு அது பாதி வழியில திரும்பிரும். அந்த வீட்டுல பிள்ளைங்கிற பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. ஆமா, சொல்லிப்புட்டேன்."

சந்து அந்தச் சட்டத்தை அரசாங்கச் சட்டத்தைவிட நன்றாகக் காத்தது. பக்கத்து வீட்டுப் பரீஹா தன் நடை பழகும் மகனைச் சுனாபட்டியில் இருக்கும் அக்காள் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். டிவியில் குழந்தைச் சோப்பு விளம்பரம் வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சத்தம் அடங்கும். கிரிக்கெட்டில் கடைசி ஓவராக இருந்தாலும் அடங்கும். முத்துமாரி குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், விளையாடிக்கொண்டிருக்கும் சிறுமிகளிடமிருந்து பொம்மைகளைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடுவார்கள். அவள் தலை மறைந்த பிறகுதான் அரிசிக்குள்ளிருந்து கையும் காலும் வெளியே வரும்.

மீனாட்சியம்மாளின் சட்டத்தில் ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் இடம் இருந்தது. அது பூ.

பிள்ளை போனது பாலுக்குத் தெரியாது. அது வேளா வேளைக்குச் சுரந்து முத்துமாரியின் ரவிக்கையை நனைத்தது. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது ஊர்ப் பழக்கம். முதல் நாள் கணேசபாண்டியன் தாதர் பூ மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். மராத்திக்காரப் பூக்காரி பொட்டலத்தைக் கட்டும்போது சிரித்து, "வீட்டுல கல்யாணமா?" என்று இந்தியில் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் சந்துக்காரர்கள் ஆரம்பித்தார்கள். வாயால் ஒன்றும் கேட்கக் கூடாது, கையை வீசிக்கொண்டும் வர முடியாது. எனவே ஆளுக்கொரு பந்து பூ வாங்கி வந்து, வாசலில் வைத்துவிட்டு, போலீசைக் கண்ட சூதாட்டக்காரன் மாதிரி ஓடினார்கள். தோல் பட்டறை சிராஜ் பாய் ஒரு கூடை அனுப்பினார். பக்கத்துச் சந்துச் சொரிமுத்து வீட்டில், ஞாயிற்றுக்கிழமை தங்கள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வாங்கி வைத்திருந்த பூவையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். வாளியில் பூ, சட்டியில் பூ, குக்கருக்குள் பூ. சோற்றில் பூ வாசனை. கணேசபாண்டியன் வேலைக்குப் போனால் கொட்டகையில் அவன் பக்கத்தில் யாரும் மூட்டை தூக்க மாட்டேன் என்றார்கள், தலை சுற்றுகிறதாம். சந்துக்குள் எங்கிருந்தோ ஒரு தேனீ வந்தது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தேனீயைப் பார்த்ததில்லை. அது என்ன ஈ என்று பெரிய வாக்குவாதம் நடந்தது.

இத்தனை பூவிலும் ஒரு வார்த்தை இல்லை.

பூலோகமாவது கேட்பான் என்று கணேசபாண்டியன் நினைத்தான். அவன்தானே கூட வந்து குழி வெட்டியவன்? ஆனால் பூலோகம் அவனை ஒரு நிமிஷம் தனியாக விடவில்லை, ஒரு நிமிஷம் பேசவும் விடவில்லை. கணேசபாண்டியன், "ஏ பூலோகம், அந்தப் பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தால் போதும், வாய்க்குள் ஒரு வடா பாவ் வந்து விழும்.

"தின்னுங்க அண்ணாச்சி. சூடா இருக்கு."

"இல்லலே, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"மொளகாயும் கடிச்சிக்கிடுங்க."

இப்படியே அந்த வாரத்தில் கணேசபாண்டியனுக்குத் துக்கத்தோடு தொப்பையும் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் இஜாஸின் கடைக்குப் போனான். சாவு வீடு என்றால் வாசலில் சேர் கிடக்க வேண்டும். சேர் கிடந்தால் எவனாவது உட்காருவான். உட்கார்ந்தவன் எத்தனை நேரம்தான் சும்மா இருப்பான்? ஒருவனாவது 'என்ன ஆச்சு?' என்று கேட்பான். கேட்டால் சொல்லலாம். நாலு நாள் இருந்தவள் இருந்தாள் என்று ஆகும். ஒருவரும் கேட்காவிட்டால் அவள் வரவே இல்லை என்றுதானே அர்த்தம்?

"வெள்ளச் சேரு பூரா மீட்டிங்குக்குப் போயிருச்சு அண்ணாச்சி," என்றான் இஜாஸ். "இதான் இருக்கு."

சிவப்புச் சாட்டின் உறை போட்டு, முதுகில் தங்க நிற ரிப்பன் பட்டாம்பூச்சி மாதிரி கட்டிய கல்யாணச் சேர்கள்.

"உறையைக் கழட்டிரலாமா?"

"கழட்ட வராது. தச்சு வச்சிருக்கு. எதுக்கு அண்ணாச்சி, என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. உக்காரத்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் நெடுக அந்தச் சேர்களைப் போட்டுவிட்டு, ஒன்றில் தான் உட்கார்ந்து, இன்னொன்றில் பூலோகத்தை உட்கார வைத்தான். மூன்று முழச் சந்து. சேர் போட்ட பிறகு நடக்கிறவர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து போனார்கள். பார்த்தவர்களுக்குச் சங்கடம். உட்கார்ந்தால் துஷ்டி ஆகிவிடும், சட்டம் முறியும். உட்காராமல் போனால் மனசு கேட்கவில்லை. கடைசியில் பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்றவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சேரைத் திருப்பிப் போட்டு, கணேசபாண்டியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். மூஞ்சியைப் பார்க்கவில்லையே, அதனால் துஷ்டியில் சேராது. ஒருவர் பாதிப் புட்டத்தை மட்டும் வைத்து உட்கார்ந்தார். வரிசை நகர நகர ஆள் மாறியது. முதுகு மட்டும் மாறவில்லை. கணேசபாண்டியன் அத்தனை தங்க நிறப் பட்டாம்பூச்சிகளையும் அத்தனை வியர்த்த முதுகுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னலே பூலோகம், ஊரே முதுகா இருக்கு?"

"கண்டுக்கிடாதீங்க. டீ குடிக்கியளா?"

அந்த நேரத்தில்தான் சான்பாடாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்தார்கள்.

அவர்கள் போக வேண்டியது பக்கத்துச் சந்துச் சொரிமுத்து வீட்டுக்கு. அவர் மகள் ரஞ்சனாவைப் பெண் பார்க்க வந்தவர்கள். கூட வர வேண்டிய தரகர் ரயிலில் மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்றால் ரயில்காரன் தண்டவாளத்தைப் பிரித்துப் போட்டு மெகா பிளாக் என்று சொல்லிவிடுவானே. அதனால் போனிலேயே வழி சொன்னார். "சந்துக்குள்ள வாங்க. சேரு போட்டிருப்பாவ. மல்லியப் பூ வாசம் வரும். அதான் வீடு. கேக்கவே வேண்டாம்." சொரிமுத்து வீட்டிலும் சேர் போட்டிருந்தது. ஆனால் அவர்கள் பூ முழுவதும் இங்கேயல்லவா இருந்தது? மூக்கு எங்கே இழுத்ததோ அங்கே வந்து சேர்ந்தார்கள்.

முன்னால் ஒரு வழுக்கைத் தலைக்காரர், மாப்பிள்ளையின் அப்பா. பின்னால் பட்டுச் சேலையில் ஓங்குதாங்கான ஓர் அம்மாள், மாப்பிள்ளையின் தாயார். கடைசியில் மாப்பிள்ளை மகேஷ்குமார், கையில் பழத் தட்டோடு. புதுச் சட்டையின் காலரில் இன்னும் அட்டை இருந்தது. முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர்கள் பட்டுச் சேலையைக் கண்டதும் எழுந்து இடம் விட்டார்கள். அந்த அம்மாள் சேரைத் திருப்பி, கணேசபாண்டியனுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

கணேசபாண்டியனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒருத்தி நேராக உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுக்காரர் நீங்கதானே?" என்றாள் அந்த அம்மாள்.

"ஆமாம்மா."

"உங்க மவளப் பத்திச் சொல்லுங்க. கேக்கத்தானே வந்திருக்கோம்."

பூலோகம் பொட்டலத்தை அவிழ்த்து ஒரு வடா பாவை எடுத்துவிட்டான். ஆனால் வந்தவர்கள் முன்னால் அண்ணாச்சி வாயில் திணிக்க முடியாமல், பாதி வழியில் கை நிற்க, அதை மகேஷ்குமாரிடம் கொடுத்தான். அவன் "தேங்க்யூ" சொல்லித் தின்ன ஆரம்பித்தான்.

பழத் தட்டைப் பார்த்தபோதே கணேசபாண்டியனுக்கு விளங்கிவிட்டது. துஷ்டிக்கு யாரும் ஆப்பிளும் மாதுளையும் தட்டில் அடுக்கிக்கொண்டு வருவதில்லை. இது சொரிமுத்து வீட்டுக் கூட்டம். 'அம்மா, வீடு மாறி வந்துட்டீய, அடுத்த சந்து' என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஒரு வாரமாக அடைத்துக் கிடந்த வாய் அது. திறந்ததும் வேறொன்று வந்தது.

"முடி நல்லா அடர்த்திம்மா. கருகருன்னு. நெத்தி வரைக்கும் எறங்கி இருக்கும்."

"அது நல்லதுதானே. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளைக்கு முடி இருக்கு?" என்றாள் அந்த அம்மாள். "நெறம்?"

"மாநெறம். காது ஓரம் கொஞ்சம் கறுப்பு. அப்படி இருந்தா நாளாக நாளாகக் கறுத்துருமாம், நர்சம்மா சொன்னாவ. எனக்கு அதனால ஒண்ணுமில்லம்மா."

"எங்களுக்கும் ஒண்ணுமில்ல. கொணம்?"

"தங்கமான கொணம். ஒருநாளாவது ஒரு சொல்லு எதுத்துப் பேசினதில்ல. யாருக்கும் தொந்தரவு கிடையாது. அழுதாக்கூடப் பக்கத்துல நிக்கவனுக்குக் கேக்காது. பூனக்குட்டி மாதிரி."

வழுக்கைத் தலைக்காரர் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக அவர் இப்படி ஒரு குணத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார் போல.

"சாப்பாடு எப்படி? இதுதான் வேணும் அதுதான் வேணும்னு கேப்பாளா?" என்று அவர் கேட்டார்.

"ரொம்பக் கொஞ்சம் ஐயா. குழாயில விட்டாத்தான்..." கணேசபாண்டியன் நிறுத்தினான். "ரொம்பக் கொஞ்சம்."

"வெரல் எல்லாம் நல்லா இருக்குமா? தையல் கியல் வருமா?"

"நீள வெரலும்மா. என் சுண்டு வெரலப் பிடிச்சா. கண்ணாடியில ஒரு ஓட்டை இருக்கும், அது வழியா நான் கைய விட்டேன். பிடிச்சுக்கிட்டா. விடவே இல்ல. நர்சம்மா வந்து விடுவிச்சாவ."

கண்ணாடி என்ன, ஓட்டை என்ன என்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. ஆனால் ஓர் அப்பன் மகளைப் பற்றி இப்படிச் சொல்லி அவள் எங்கும் கேட்டதில்லை. போன வீடுகளிலெல்லாம் பவுனைச் சொன்னார்கள், படிப்பைச் சொன்னார்கள். மகள் விரலைப் பிடித்ததை யாரும் சொல்லவில்லை. அவள் சேரைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள். "ம், சொல்லுங்க."

அப்போது கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்த மாதிரி இருந்தது.

"கொட்டாவி விட்டா மூக்கு சுருங்கும். அதச் சொல்லுங்க."

பூலோகம் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது. கணேசபாண்டியன் திரும்பிப் பார்த்தான். கதவு இடுக்கில் முத்துமாரி நின்றாள். மார்பில் கட்டிய துணிக்கு வெளியே பூ பிதுங்கிக்கொண்டிருந்தது.

"கொட்டாவி விட்டா மூக்கு சுருங்கும்," என்று கணேசபாண்டியன் வந்தவர்களிடம் சொன்னான்.

"எப்படிச் சுருங்கும்னு சொல்லுங்க. கெழவி மாதிரி."

"கெழவி மாதிரிம்மா."

மகேஷ்குமார் வடாவை மென்றபடி தாயாரிடம் குனிந்து, "மம்மி, லட்கி கிதர் ஹை?" என்றான். பெண் எங்கே என்று கேட்டான்.

"இருலே. ஆமாங்க, பேசிக்கிட்டே இருக்கோம். ரஞ்சனாவக் கூப்பிடுங்க, ஒரு வாட்டி பாத்துக்கிடுதோம்."

சந்தில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். கக்கூஸ் வரிசைகூட நகரவில்லை.

"எங்க மவ பேரு ரஞ்சனா இல்லம்மா," என்றான் கணேசபாண்டியன். "பேரு வைக்கல. வைக்கதுக்குள்ள போயிட்டா. நாலு நாள்தான் இருந்தா. ரஞ்சனா வீடு அடுத்த சந்து. நீங்க வந்து உக்காந்ததும் நான் சொல்லியிருக்கணும். நீங்க நேராப் பாத்துக் கேட்டீயளா, அதான்... என்னைய மன்னிச்சிருங்க."

வழுக்கைத் தலைக்காரர் சேரில் தேள் இருந்த மாதிரி துள்ளி எழுந்தார். "என்னய்யா இது! நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சாவு வீட்டுல கொண்டாந்து உக்கார வச்சிட்டியே! ஏய், எந்திரி. மகேஷு, தட்டத் தூக்கு. வீட்டுக்குப் போயித் தலைக்கு ஊத்திட்டு வேற நாளு பாப்போம்."

அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்க," என்றாள். "சாவு வீட்டுல உக்காந்தாச்சு, செத்த பிள்ளையப் பத்தி அம்புட்டும் கேட்டாச்சு. துஷ்டி கேக்காம எந்திரிச்சாத்தான் அபசகுனம்."

எதிர் வீட்டு மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. மீனாட்சியம்மாளின் தலை வெளியே வந்தது. "பல்லு மொளைக்காத பிள்ளைக்குத் துஷ்டி கெடையாது தாயி. நீங்க போகலாம்."

அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "அப்படியா? எங்க மாமனாருக்குச் சாவுறப்ப வாயில ஒத்தப் பல்லுகூட இல்ல. ஊரே வந்து துஷ்டி கேட்டுச்சே."

"அது விழுந்த பல்லு!"

"விழுந்தா என்ன, மொளைக்காட்டி என்ன? வாய்க்குள்ள இல்லைன்னா இல்லதானே?"

மீனாட்சியம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஜன்னல் மெதுவாக மூடிக்கொண்டது.

அந்த அம்மாள் எழுந்து கதவண்டை போய் முத்துமாரியை இழுத்துத் தோளோடு அணைத்தாள். பட்டுச் சேலையில் பால் பட்டு நனைந்தது. அவள் கவனிக்கவில்லை, கவனித்தாலும் காட்டவில்லை. வழுக்கைத் தலைக்காரர் முனகிக்கொண்டே வந்து கணேசபாண்டியனின் கையைத் தொட்டார்.

"மகேஷு, நீயும் கேளு."

"க்யா கேளு?" மகேஷ்குமாருக்குத் துஷ்டி என்றால் என்னவென்று தெரியாது. பிறந்ததிலிருந்து சான்பாடாவில் வளர்ந்தவன். சட்னி ஒட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஆபீசில் மேனேஜருக்குக் கொடுப்பது போல நீட்டினான். கணேசபாண்டியன் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு என்ன தோன்றியதோ, மற்றொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"ஸாரி அங்கிள்," என்றான். "பேபிக்கு... ரியலி ஸாரி."

ஒரு வாரமாக எந்தப் பாஷையிலும் வராத அந்தச் சொல் அப்படித்தான் வந்தது. கணேசபாண்டியன் அந்தப் பையனின் புதுச் சட்டையில் முகத்தை வைத்து, மூட்டை சரிந்த மாதிரி சரிந்து அழுதான். காலர் அட்டை அவன் காதைக் குத்தியது.

இந்தச் சமயத்தில் சொரிமுத்து பட்டு வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "எலேய் கணேசபாண்டி! எம் மாப்பிள்ளையக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கியே, இது ஒனக்கே நல்லா இருக்கா? அங்க சொஜ்ஜி ஆறிக்கிட்டு கெடக்கு!"

"நீங்கதான் ரஞ்சனாவோட அப்பாவா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"ஆமா தாயி, வாங்க, வீடு அந்தப் பக்கம்."

"இந்த வீட்டுல துஷ்டி கேட்டுட்டீயளா?"

சொரிமுத்து முழித்தார். "பூவு குடுத்தோம்."

"பூவக் கேக்கல. அடுத்த சந்துல இருந்துக்கிட்டு ஒரு வார்த்த கேக்காத வீட்டுல நான் எப்படிப் பொண்ணெடுக்க? நாளைக்கு எங்க வீட்டுல ஒண்ணுன்னா உங்க மவளும் பூவ வச்சிட்டு ஓடிருவாளே?"

சொரிமுத்து ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் மூடியிருந்தது. வேட்டியை இறக்கிவிட்டு, கணேசபாண்டியன் முன்னால் வந்து உட்கார்ந்தார். நேராக.

"என்னலே ஆச்சு பிள்ளைக்கு?" என்று கேட்டார். கேட்ட பிறகு பட்டு வேட்டி நுனியால் மூக்கைச் சிந்தினார்.

அவ்வளவுதான். ரஞ்சனா கல்யாணம் நின்றுபோகக் கூடாதே என்று சந்து முழுவதும் கிளம்பி வந்தது. கக்கூஸ் வரிசை அப்படியே திரும்பித் துஷ்டி வரிசை ஆனது. முதுகு காட்டிய சேர்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார்கள். சிராஜ் பாய் தோல் தூசி படிந்த கையை இரண்டு தடவை கழுவிவிட்டு வந்தார். பரீஹா அழுதுகொண்டே சுனாபட்டி அக்காளுக்குப் போன் போட்டு மகனைக் கொண்டுவரச் சொன்னாள். முத்துமாரிதான் சொல்லச் சொன்னாள். அவனைப் பார்க்காமல் கண் பூத்துப்போச்சாம். அரிசிப் பானைகளிலிருந்து பொம்மைகள் எழுந்து வந்தன.

ஒவ்வொருவரும் கேட்டார்கள். கணேசபாண்டியன் ஒவ்வொருவருக்கும் சொன்னான். கேட்டவர்கள் பின்னால் நிற்பவர்களுக்குச் சொன்னார்கள். வரிசையின் கடைசிக்குப் போனபோது பிள்ளைக்கு முடி தோள் வரை வளர்ந்திருந்தது. நர்சம்மா பேரை அதுவே சொல்லிக் கூப்பிட்டதாகவும் ஒருவர் சொன்னார். கணேசபாண்டியன் யாரையும் திருத்தவில்லை. வளரட்டும் என்று விட்டுவிட்டான்.

ரஞ்சனா பட்டுச் சேலையோடு வந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். மகேஷ்குமாருக்குக் கொடுக்கும்போது அவன் காலர் அட்டையைப் பிய்த்து எடுத்துக் கையில் கொடுத்தாள். பெண் பார்ப்பது அத்தோடு முடிந்தது.

பூலோகம்தான் கடைசி ஆள். அவன் கையில் அன்று வடா பாவ் இல்லை. "அண்ணாச்சி," என்றான். "எடையே இல்லல்லா? ஆனா அன்னைக்குத் தூக்கின கை எனக்கு இன்னும் வலிக்கு. ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல. அதான் தின்னக் குடுத்துக்கிட்டே இருந்தேன்."

"தெரியும்லே."

மீனாட்சியம்மாளும் இறங்கி வந்தாள். ஒரு மூலையில் சேரைப் போட்டு, பாதி திரும்பி உட்கார்ந்தாள். முழுக்க முதுகும் இல்லை, முழுக்க முகமும் இல்லை. அதற்குமேல் அவளால் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

சான்பாடாக்காரர்கள் கிளம்பினார்கள். துஷ்டி வீட்டில் 'வாரோம்' என்று சொல்லக் கூடாது. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள். வழுக்கைத் தலைக்காரர் மட்டும் பெண் பார்த்த பழக்கத்தில், "அப்போ நாங்க வீட்ல கலந்து பேசிட்டுப் போன் பண்ணுதோம்," என்று கணேசபாண்டியனிடம் சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பண்ணுங்க ஐயா," என்றான் கணேசபாண்டியன். நம்பரையும் கொடுத்தான்.

வெயில் தாழ்ந்த பிறகு இஜாஸ் சேர்களை எடுக்க வந்தான். அடுத்த லைனில் யாருக்கோ பர்த்டேயாம். கணேசபாண்டியன் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். முத்துமாரி வாசற்படியில் உட்கார்ந்து, வாளியிலிருந்து வாடிய பூவை அள்ளி அள்ளிப் பையில் போட்டாள்.

"எல்லாத்தையும் சொன்னீய," என்றாள். "காதுக்குப் பின்னால மச்சம் இருந்துச்சுல்லா, அத ஏன் சொல்லல?"

கணேசபாண்டியன் நின்றுவிட்டான். அவன் பிள்ளையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவன். துணியில் சுற்றிக் கொடுத்தபோது முகம் மட்டும்தான் தெரிந்தது.

"எந்தக் காது?" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். இவனுக்குத் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரே கேட்டது. இவன் அவளைக் கேட்கவில்லை, அவளும் இவனைக் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, ஒரு சேரு கொறையுது," என்றான் இஜாஸ்.

"அது நாளைக்குத் தாரேன்டா," என்றான் கணேசபாண்டியன். கையில் பிடித்திருந்த கடைசிச் சேரை, வாசற்படிக்கு எதிரே, முத்துமாரிக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "ஆளு உக்காந்திருக்காவல்லா."

பிறகு அவளிடம் குனிந்து கேட்டான்.

"சொல்லு. எந்தக் காது?"